அயடின் புட்டிக்குள் கிரகணம்

புக்கிட் தெரோங் தோட்டம்,
லகாட் வழி.
24-3-1929

அன்புள்ள அக்கா அறிய,

நான் இங்கே சுகம். கமுந்திங்கில் நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாய் இருப்பீர்களென்று நம்புகிறேன். முழங்கால் நோவுக்கு நான் அனுப்பிய தைலத்தைப் பூசினீர்களா, அல்லது வழக்கம்போல் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினீர்களா?

நல்ல செய்தி ஒன்று. பத்துத் தோட்டங்களுக்குப் பொதுவாக ஈப்போப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி கட்டுகிறார்கள். அதற்கு, என்னைப்போல் மருந்து கொடுத்துக் காயம் கட்டுகிற ஒருவர், தலைமை டிரெசராக வேண்டுமாம். மாதம் இரண்டு தரம் இங்கே வரும் வெள்ளைக்கார டாக்டர் என் பெயரைக் குறித்துக்கொண்டு போயிருக்கிறார். ஜூன் கடைசியில் சோதனை. காய்ச்சல்காரரின் இரத்தத்தை மைக்குறஸ்கோப்பில் பார்த்து, மலேரியாப் பூச்சி இருக்கிறதா, எந்த இனம் என்று சொல்லவேண்டும். எனக்கு அது தண்ணி பட்ட பாடு.

ஏழு வருஷமாக இந்தச் சனங்களுக்குக் காய்ச்சலுக்கான கொயினா குடிக்கவைத்தே என் ஆயுள் தேய்ந்தது. எனக்கு முன்னால் விழுங்குவதுபோல் வாயை மூடி, வாழைமரத்தடியில் போய்த் துப்புகிற கூட்டம். ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் கையெழுத்துக் கேட்டால் பெருவிரலை நீட்டுவார்கள். நான் பிடித்து இடம் காட்டாவிட்டால் அந்தப் பெருவிரல் பக்கம் முழுக்க மேயும்.

மே ஒன்பதாம் தேதி சூரிய கிரகணம் வருகிறதல்லவா? கெடாவில் முழுக்க மறையுமாம். இங்கே கீற்றளவு மிஞ்சும். அதற்குள் கூலிச் சனங்களின் லயத்தில் ஒப்பாரி தொடங்கிவிட்டது. என் ஆஸ்பத்திரி ஆயா காளியம்மா, "நேரா பாத்தா கண்ணு அவிஞ்சி போயிரும்யா. சாணியக் கரைச்ச தண்ணியிலதான் பாக்கணும்" என்று எனக்கு வைத்தியம் சொல்கிறாள்! மருந்துப் புட்டியில் ஒட்டிய எழுத்தைத் தலைகீழாகப் பிடிக்கிறவள். நான் அன்று கிரகணத்தைக் கண்ணாரப் பார்த்து, மணி குறித்து, படம் கீறி டாக்டரிடம் கொடுக்கப்போகிறேன். இந்தக் காட்டில் ஒரு மனிதனும் இருக்கிறான் என்று அவருக்குத் தெரியட்டும்.

பிள்ளைகளுக்கு என் அன்பு.

தம்பி,
ஐயாத்துரை

*

கமுந்திங்,
7-4-1929

தம்பி ஐயாத்துரைக்கு அக்கா அம்பிகை எழுதுவது,

எல்லோரும் சுகம். சின்னவளுக்குச் சளி இருந்தது, மாறிவிட்டது. உன் தைலத்தைப் பூசினேன். முழங்கால் நோவு போகவில்லை, பூனை மட்டும் வீட்டை விட்டுப் போய்விட்டது.

உத்தியோகச் செய்தி வாசித்துச் சந்தோஷப்பட்டேன். அதற்குக் கீழே நீ எழுதியிருந்த மிச்சத்தை வாசித்து வெட்கப்பட்டேன். அந்தச் சனங்களின் காய்ச்சல்தானே உனக்குச் சோறு போடுகிறது? அவர்களைத் திட்டாமல் உனக்கு ஒரு பக்கம் எழுத வராதா? பெரிய எடுப்புத்தான்!

கிரகண விஷயம். அத்தான் நில அளவைக் கந்தோரில் பெரியவர்களிடம் கேட்டுவந்து சொல்கிறார். வெறுங்கண்ணால் பார்க்கவே கூடாதாம். கலர்க் கண்ணாடி, புட்டி ஒன்றும் உதவாதாம். ஒரு மட்டையில் ஊசியால் துளை போட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, துளை வழியாக விழுகிற வெளிச்சத்தை வெள்ளைத் தாளில் பார்க்கவேண்டுமாம். தாளில் குட்டிச் சூரியன் விழுமாம், கடித்த தோசைபோல. நாங்கள் அப்படித்தான் பார்க்கப்போகிறோம். நீயும் அப்படியே செய்.

உன் ஆயா சொன்னதும் பிழையில்லையாம். கலங்கல் தண்ணீரில் சூரியன் மங்கலாகத்தான் தெரியும், அதனால் கண்ணுக்குச் சேதம் குறைவு என்கிறார் அத்தான். அவளை ஏன் பகிடி பண்ணினாய்?

அக்கா

*

புக்கிட் தெரோங் தோட்டம்,
18-4-1929

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். அங்கும் அவ்வாறே இருக்கட்டும்.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். காணிக்கு எல்லைக்கல் நடுகிறவர் கண் வைத்தியமும் பார்க்கத் தொடங்கிவிட்டாரா? சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சூரியனைப் பார்க்கிறது! கந்தோர்க்காரர் எந்த வேலையையும் அப்படித்தான் செய்வார்கள். ஊசித் துளையில் தோசை பார்க்க எனக்கென்ன விசரா?

பெரிய அயடின் புட்டி ஒன்றைக் கழுவி வைத்திருக்கிறேன். தேயிலைச் சாயத்தைவிடக் கறுப்பு. அதன் அடிப்பக்கத்தால் நேற்று நடுப்பகலில் ஒருதரம் பார்த்தேன். சூரியன் நல்ல பிள்ளையாக, செப்புத் துட்டுப்போல் நின்றது. கண் கூசவேயில்லை. கூசாவிட்டால் என்ன கெடுதல்? படித்தவன் சொல்கிறேன், அத்தானிடம் சொல்லுங்கள்.

தம்பி,
ஐயாத்துரை

*

புக்கிட் தெரோங் தோட்டம்,
13-5-1929

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்கள் எல்லோரும் சுகந்தானே?

கிரகணம் பார்த்தேன்! அத்தானின் தோசை எப்படி இருந்தது?

வியாழக்கிழமை ரப்பர்ப் பால் நிறுத்து முடிந்து சனங்கள் லயத்து வாசலில் கூடிவிட்டார்கள். நடுவில் காளியம்மாவின் இரும்பு பேசின். அதில் சாணித் தண்ணீர். அதைச் சுற்றிப் பத்துப் பதினைந்து தலைகள், கழுநீர்த் தொட்டியில் மாடு நிற்பதுபோல. ஒருத்தி, "தெரியுது, தெரியுது!" என்று கூவுகிறாள். எனக்கு வந்ததே கோபம். மருந்தும் ஊசியும் வைத்துக்கொண்டு ஒரு டிரெசர் இருக்கிற தோட்டத்தில் சாணிக்குள் கிரகணமா? விட்டேன் ஓர் உதை. பேசின் உருண்டது, தண்ணீர் முழுக்க அவள் சேலையில். அவள் சேலையைப் பிழிந்துகொண்டு நின்றாள்.

பிறகு புட்டியைத் தூக்கிக் காட்டினேன். அவள் புருஷன் சன்னாசி முன்னால் நின்றான். மரம் சீவுகிறவன், தோட்டத்தில் முதல்தரக் கை என்று கங்காணி சொல்வார். "டேய், நீ ஆம்பிளையா? வந்து பார்!" என்றேன். "ஐயா சொன்னா சரிதாங்க" என்று வந்தான். பத்து நிமிஷம் விடாமல் பார்த்தான். "ஐயா, பெறை மாதிரி இருக்குங்க!" என்று பல்லைக் காட்டினான். வேறொருவரும் கிட்ட வரவில்லை. பயந்தாங்கொள்ளிகள்.

நான் விட்டு விட்டு நாற்பது நிமிஷம் பார்த்தேன். ஒன்பது படம் கீறினேன். ஒரு சொட்டுக்கூட வலிக்கவில்லை என்று அத்தானிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இந்தக் கடிதத்தில் வரி கோணினால் மண்ணெண்ணெய்க் கடைக்காரனைத் திட்டுங்கள். கலப்பட எண்ணெய். நாலு நாளாக லாம்பு வெளிச்சம் நடுவில் மங்கிப்போய் எரிகிறது.

தம்பி,
ஐயாத்துரை

*

கமுந்திங்,
22-5-1929

தம்பி அறிய,

நாங்கள் சுகம். நீ சுகமா? இதைச் சடங்குக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

உன் கடிதத்தில் வரி ஏணிப்படிபோல் ஏறியிறங்குகிறது. "சன்னாசி" என்ற பெயரை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டுதரம் எழுதியிருக்கிறாய். லாம்பு மங்கினால் முழுக்க மங்கும். நடுவில் மட்டும் மங்குகிற லாம்பை நான் இந்த உலகத்தில் கண்டதில்லை.

அத்தான் உன் கடிதத்தை வாசித்துவிட்டுச் சிரிக்கவில்லை. கண்ணின் அடியில் வலி அறிகிற நரம்பே இல்லையாம், வெந்தாலும் தெரியாதாம். கறுப்புக் கண்ணாடி வெளிச்சத்தைத்தான் மறைக்கும், சூட்டை மறைக்காதாம். கூசாததால் கண் இன்னும் அகலமாய்த் திறந்துகொண்டு எல்லாச் சூட்டையும் உள்ளே விடுமாம். வெறுங்கண்ணால் பார்த்திருந்தால் கூசி மூடியிருப்பாய். புட்டிதான் உன்னை நாற்பது நிமிஷம் நிறுத்தி வைத்தது.

ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு நாட்காட்டியைப் பார். பிறகு மற்றக் கண்ணால் பார். தேதி தெரிகிறதா என்று எழுது. வேறொன்றும் எழுதவேண்டாம்.

ஒரு பெண்பிள்ளையின் பேசினை உதைத்ததைப் பற்றி நேரில் பேசிக்கொள்கிறேன்.

அக்கா

*

புக்கிட் தெரோங்,
6-6-1929

அக்காவுக்கு,

சுகம். என் கண்ணுக்கு ஒன்றுமில்லை. நாட்காட்டி சுவரில் இருக்கிறது, தேதி அதில் இருக்கிறது. போதுமா?

வேலை அதிகம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். சன்னாசி தனக்குக் கண் தெரியவில்லை என்று நாடகம் ஆடுகிறான். முதல்தரக் கையாம்! மூன்று வாரமாக மரத்தையெல்லாம் கொத்திப் போட்டிருக்கிறான். துரை என்னிடம் அனுப்பினார். சம்சுக் குடியால் பார்வை கெட்டது என்று புத்தகத்தில் எழுதிவிட்டேன். கள்ளச் சாராயம் கண்ணைக் கெடுக்கும், இது டாக்டருக்கும் தெரிந்த விஷயம். இவர்களுக்கு எல்லாக் குற்றமும் அடுத்தவன் தலையில்தான்.

சோதனை ஜூலைக் கடைசிக்குத் தள்ளிப்போயிருக்கிறது. எனக்குக் காய்ச்சல் என்று நான்தான் எழுதிக் கேட்டேன். காய்ச்சல் இல்லை, பயப்படவேண்டாம்.

ஐயாத்துரை

*

கமுந்திங்,
2-7-1929

தம்பி,

நாங்கள் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியாது.

காய்ச்சல் இல்லாதவன் காய்ச்சலென்று எழுதிச் சோதனையை ஏன் தள்ளிப்போட்டான்? தண்ணி பட்ட பாடு என்றாயே! இதைக் கேட்டு இரண்டு கடிதம் போட்டேன். இரண்டுக்கும் பதிலில்லை. இது மூன்றாவது.

நாலு சொல் எழுது. திட்டியாவது எழுது, உனக்குத்தான் அது நன்றாக வருமே.

அக்கா

*

புக்கிட் தெரோங் தோட்டம்,
14-7-1929

கமுந்திங் அம்பிகையம்மாவுக்கு ஆஸ்பத்திரி ஆயா காளியம்மா கும்பிட்டுச் சொல்லி, தோட்டத்து வாத்தியார் அப்பாவு எழுதுவது. அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

அம்மா, நல்லா இருக்கீங்களா? புள்ளைங்க நல்லா இருக்கா? போன தைப்பூசத்துக்கு வந்தப்ப நம்ம ஆஸ்பத்திரி வாசல்ல ஒக்காந்து என்கூட காப்பி குடிச்சீங்க. அந்த தைரியத்துல எழுதச் சொல்றேன். உங்க கடுதாசி மூணும் பிரிக்காம மேசையில கெடக்கு. வெலாசம் அதுலேர்ந்து வாத்தியார் எடுத்தாரு.

டிரெசர் ஐயாவுக்கு கண்ணு போச்சும்மா. முழுசாப் போகல. சுத்தி எல்லாம் தெரியுது, நடுவுல மட்டும் இல்ல. எம் புருசனுக்கும் அதே மாதிரி. "மரம் தெரியுது புள்ள, கத்திய வைக்கிற எடம் மட்டும் தெரியல. எங்க பாக்குறேனோ அங்க ஒரு கரும்பொட்டு வந்து ஒக்காந்துக்குது"ன்னு அழுவுறான். பட்டைய நூல் கனம் சீவுற ஆளு. இப்ப கத்தி கட்டையில போயி எறங்குது. பத்து மரத்துல எட்டு மரம் காயம். துரை இந்த மாசக் கடைசியில லயத்தக் காலி பண்ணச் சொல்லிட்டாரு. குடிகாரனுக்கு வேலை இல்லையாம்.

எம் புருசன் கள்ளு குடிப்பான், நான் இல்லைங்கல. சம்சு கையால தொட்டதில்ல. அவன் கண்ணு கெட்டது ஐயாவோட புட்டியாலதான். தோட்டமே பாத்துச்சு. நாங்க சொன்னா துரை கேப்பாரா? ஐயா ஒரு வரி எழுதணும். எழுதினா சன்னாசிக்கு பால் ஸ்டோருலயாவது வேற வேலை குடுப்பாங்க. நான் கால்ல விழுந்தேம்மா. "போடி"ங்கறாரு. எழுதினா தன் கண்ணும் வெளிய தெரிஞ்சிரும்லா, பெரிய ஆஸ்பத்திரி வேலை போயிரும்லா.

அவருக்கு தெரியலங்கறது வேற யாருக்கும் தெரியாது. பக்கத்துல திரும்பிக்கிட்டுத்தான் பேசுறாரு. முன்னாடியும் எங்க மூஞ்சியப் பாத்துப் பேசினவரு இல்ல. அதனால சனம் கண்டுக்கல, அவரு கொணம் அப்படின்னு விட்டுட்டாங்க. நான்தான் புட்டிய மோந்து பாத்து எடுத்துக் குடுக்குறேன். போன திங்கக்கெழம எங்க லயத்துல பாப்பாங்கற அஞ்சு வயசுப் புள்ளைக்கு கண்ணுல மருந்து விடணும். ஐயா அயடின எடுத்துட்டாரு. சொட்டு விழறதுக்கு முன்ன கையப் புடிச்சிட்டேன். என்னப் பளார்னு அறைஞ்சாரு. அப்புறம் புட்டிய மோந்து பாத்தாரு. மூடிய வச்சிட்டு உள்ள போயிட்டாரு.

தூ! இதும் ஒரு படிப்பா? என் சாணித் தண்ணிய எட்டி ஒதைச்ச காலுக்கு நான் இன்னிக்கி வழி காட்டிக்கிட்டு இருக்கேன். அந்தத் தண்ணியில பாத்த ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலம்மா.

நீங்க சொன்னா கேப்பாரு. மாசக் கடைசி வரைக்குந்தான் எங்களுக்கு நாளு.

இப்படிக்கு காளியம்மா (பெருவிரல் ரேகை)

*

கமுந்திங்,
19-7-1929

ஐயாத்துரை,

உன் சுகத்தை இந்தமுறை கேட்கவில்லை. தெரிந்துவிட்டது.

இந்தக் கடிதத்தை அப்பாவு வாத்தியாருக்கு அனுப்புகிறேன், அவர் உனக்கு வாசித்துக் காட்டுவார். அந்நியன் வாயால் கேட்க வெட்கமாக இருக்குமே என்று முதலில் யோசித்தேன். பிறகு, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

காளியம்மாவின் கடிதம் வந்த அன்று முழுக்க அழுதேன். எங்கள் வீட்டில் உன்னுடைய கண்தான் அழகென்று அம்மா சொல்லுவா. அது போய்விட்டதே என்று அழுதேன். அடுத்த நாள் மீண்டும் வாசித்தேன். நீ புத்தகத்தில் எழுதிய அந்த ஒரு வரியை நினைத்ததும் அழுகை நின்று அருவருப்பு வந்தது. நீ முட்டாள்தனமாய்ச் சூரியனைப் பார்த்தாய், அது உன் பாடு. உன் பேச்சை நம்பிக் கண்ணைக் கொடுத்தவனை, "ஐயா சொன்னா சரி" என்றவனை, நீ குடிகாரன் என்று எழுதினாய். அதற்குக் கண் தெரியாதது காரணமில்லை. அவன் கண் எதனால் கெட்டது என்று அப்போது உனக்கு வடிவாகத் தெரிந்துதான் இருந்தது.

அந்தக் குழந்தையின் கண்ணில் அயடின் விழுந்திருந்தால்? ஆயா உன் கையைப் பிடித்தாள். நீ அவளை அறைந்தாய். கைநாட்டு என்று நீ காறித் துப்புகிற அந்தக் கைதான் உன்னை ஒரு பிள்ளையின் கண்ணை அவித்தவன் ஆகாமல் காப்பாற்றியது. இனி மருந்துப் புட்டியைத் தொட்டாயென்றால் நீ என் தம்பியில்லை.

டாக்டர் இருபத்தொன்பதாம் தேதி வருகிறார் என்று காளியம்மா பிறகு சொல்லியனுப்பினாள். அன்று அவர் முன்னால் உண்மையை நீயே சொல். சொல்லாவிட்டால் முப்பதாம் தேதி உன் மே மாதக் கடிதத்தோடு நான் அங்கே வந்து நிற்பேன். பேசினை உதைத்தது, "நீ ஆம்பிளையா" என்றது, நாற்பது நிமிஷம், ஒன்பது படம் எல்லாம் உன் கையெழுத்திலேயே என் அலுமாரியில் இருக்கிறது. உன் தைலத்துக்குப் பக்கத்தில்.

அக்கா

*

புக்கிட் தெரோங் தோட்டம்,
1-8-1929

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் எல்லோருடைய சுகத்தையும் வேண்டுகிறேன். நான் இருக்கிறபடி இருக்கிறேன். எழுதுகிறவர் அப்பாவு வாத்தியார். ஒரு சொல்லும் மாற்றக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். காளியம்மா பக்கத்தில் நின்று காவல் பார்க்கிறாள், வாசிக்கத் தெரியாத காவல்காரி.

உங்கள் கடிதத்தை வாத்தியார் வாசித்தபோது, நிறுத்தச் சொன்னேன். அவர் நிறுத்தவில்லை. "அம்மா முழுசா வாசிக்கச் சொல்லியிருக்காங்க சார்" என்றார். இந்தத் தோட்டத்தில் என் பேச்சைக் கேட்காத முதல் மனிதர்.

இருபத்தொன்பதாம் தேதி டாக்டர் வந்தார். சோதனையை இங்கேயே முடித்துவிடலாமென்று மைக்குறஸ்கோப்பையும் கொண்டுவந்திருந்தார். அப்போதுகூட எனக்கு ஒரு நப்பாசை. குனிந்து பார்த்தேன். வட்டத்தின் ஓரம் தெரிந்தது, நடுவில் வழக்கமான பொட்டு. பூச்சி இருக்கிறது என்று குருட்டாம்போக்கில் சொல்லியிருக்கலாம், இருந்தும் இருக்கலாம். வெளியே சன்னாசி மர வாங்கில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவர்களுடைய சட்டிபானை மூட்டை. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது, ஏனென்றால் அது ஓரத்தில் இருந்தது.

சொல்லிவிட்டேன். புட்டி, கிரகணம், நான் கூப்பிட்டது, புத்தகத்தில் எழுதிய பொய், பாப்பாவின் கண் வரைக்கும். டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் ஒரே சுவருக்கு முன்னால் நிறுத்தி, ஒரே எழுத்துப் பலகையைக் காட்டினார். எனக்கு ஆங்கிலம் தெரியும், அவனுக்குத் தெரியாது. அதற்குமேல் எங்களுக்குள் ஒரு வித்தியாசமும் இல்லை. ஓட்டை ஒரே இடத்தில்தான். கொஞ்சம் தேறலாம், தேறாமலும் போகலாம், மருந்து கிடையாது என்றார். என் ஒன்பது படத்தையும் பார்த்தார். "நன்றாகக் கீறியிருக்கிறாய், முட்டாளே" என்றார்.

ஈப்போ உத்தியோகம் ஆயர் தாவார் தோட்டத்து டிரெசர் ஒருவனுக்குப் போகிறது. தேள்கடிக்கும் நெஞ்செரிவுக்கும் ஒரே மருந்து கொடுக்கிறவன். போகட்டும். எனக்கு இந்த வாரத்தோடு வேலை முடிகிறது. சன்னாசிக்குப் பால் ஸ்டோரில் ரப்பர் தகடு காயப்போடுகிற வேலை கொடுத்திருக்கிறார்கள். லயமும் அவனுக்கே. துரை ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் பேச்சளவில் கேட்கவில்லை, அது என் வாயில் வரவில்லை. ஈப்போவிலிருந்து புதுப் பேசின் ஒன்று வரவழைத்துக் காளியம்மாவிடம் கொடுத்தேன். வாங்கித் தட்டிப் பார்த்தாள். "பழசே நல்லாத்தான்யா இருக்கு. ஒங்க ஒதையில ஒரு சொட்டைதான்" என்றாள். ஆனாலும் உள்ளே கொண்டுபோய் வைத்துக்கொண்டாள்.

ஒன்று சொல்லவேண்டும். வாக்குமூலத்தை டாக்டர் எழுதிக் கையெழுத்துக் கேட்டார். பேனாவை ஊன்றினேன். கோடு எங்கே என்று தெரியவில்லை. தலையை அப்படித் திருப்பினேன், இப்படித் திருப்பினேன், பேனா தாளில் மேய்ந்தது. காளியம்மா வந்து என் கையைப் பிடித்துக் கொண்டுபோய் வைத்தாள். "இங்கதான்யா. கைய ஆட்டாதீங்க" என்றாள். நான் அவளிடம் ஏழு வருஷமாகச் சொன்ன அதே வார்த்தை, அதே குரல். பழிவாங்கத்தான் சொன்னாள் என்று முகத்தைப் பார்க்கத் திரும்பினேன். முகம் தெரியவில்லை.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ரயிலில் கமுந்திங்குக்கு வருகிறேன். அத்தான் ஊசித் துளை மட்டையோடு வந்து நின்றாலும் வாய் திறக்கமாட்டேன். நீங்கள் மட்டும் எனக்கு எதிரே வந்து நிற்கவேண்டாம், அக்கா. கொஞ்சம் இடப்பக்கமாக நில்லுங்கள். நான் உங்களைப் பார்க்காமல் வேறெங்கோ பார்ப்பதாகத் தோன்றினால் கோபிக்கவேண்டாம். அப்போதுதான் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உங்கள் தம்பி,
ஐயாத்துரை